கேட்க ஓர் அட்டை

ஹாக்கி வீரர் மாடசாமியின் படம் போட்ட அட்டையின் இடது மூலையில் ஒரு பல் தடம் இருக்கிறது. அது தன் பல்தானா என்று செவ்வேளுக்கு இப்போது நிச்சயமில்லை. எட்டு வயதில் நடந்தது. மழை நாள் என்று நினைவு. வெயில் நாளாகவும் இருந்திருக்கலாம். பள்ளிச் சுற்றுச்சுவருக்குப் பின்னால் கடலை மிட்டாயையும் அட்டையையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு அவசரமாகக் கடித்தபோது அட்டையும் பல்லில் அகப்பட்டது என்பது அவருடைய கதை. "அது என் பல்லுலே" என்பது கூடப் படித்த ஜெபினின் கதை.

யாருடைய பல் என்பது சின்ன விஷயம் இல்லை. கோவில்பட்டிப் பிள்ளைகளிடம் அப்போது ஒரு சட்டம் இருந்தது. அட்டை மாற்றிக்கொள்கிற இருவரும் ஒரே மிட்டாய்த் துண்டைக் கடித்துவிட்டால் மாற்று முடிந்தது. அதன்பின் அழுதாலும் அட்டை திரும்பாது. அன்று செவ்வேள் கடித்தார், ஜெபின் கடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது என்றால் மாற்று நடக்கவில்லை. ஜெபினும் கடித்திருந்தால், செவ்வேள் இத்தனை காலமாக இன்னொருவர் அட்டையை வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஊரிலிருந்த மிட்டாய் ஆலை ஒன்று, ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு ஹாக்கி வீரர் அட்டையைப் போட்டுத் தந்தது. 'கரிசல் வேங்கைகள்' என்ற அணி. அட்டைகளில் வெல்ல வாசனை இருக்கும், எண்ணெய் வட்டம் இருக்கும். எல்லோருக்கும் எல்லாரும் கிடைத்தார்கள், இரண்டு பேரைத் தவிர. தற்காப்பு ஆட்டக்காரர் மாடசாமி செவ்வேளுக்குக் கிடைத்தார். கோல்காரர் இருதயராஜ் ஜெபினுக்குக் கிடைத்தார். இருவர் ஆல்பத்திலும் ஒவ்வோர் உறை காலியாக இருந்தது.

பெரியவர்கள் ஆனபின் ஆட்டம் மாறியது. செவ்வேள் கயத்தாற்றில் காற்றாலைகளைப் பழுது பார்க்கிற வேலைக்குப் போனார். ஜெபின் பள்ளியில் விளையாட்டு ஆசிரியரானார். முப்பது வயதுக்கு மேல் இருவருக்கும் அட்டைக் கிறுக்கு திரும்பவும் பிடித்தது. ஆனால் இந்த முறை கையுறை போட்டுக்கொண்டுதான் அட்டையைத் தொட்டார்கள். கண்ணாடிபோன்ற பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். மதுரையில் சேகரிப்பாளர் மன்றம் ஒன்று இருந்தது. அங்கே ஓரம் மடங்காத அட்டைக்கு ஒரு மதிப்பு, மடங்கிய அட்டைக்கு ஒரு மதிப்பு. பல் தடம் பட்ட மாடசாமியைப் பார்த்து மன்றத்தார் முகம் சுளித்தார்கள். ஜெபினும் அவர்களோடு சேர்ந்து சுளித்தார் என்று செவ்வேளுக்குப் பட்டது. அந்தக் கோபத்தில் இருவரும் சில வருஷம் பேசிக்கொள்ளாமலே இருந்தார்கள்.

அப்போதுதான் ஒப்பாக்கி வந்தது.

முதலில் தெருவுக்கு ஒரு கடை, பிறகு வீட்டுக்கு ஒன்று. இடத்தட்டில் ஒரு பொருளை வைத்தால் பொறி அதைத் துகள் துகளாக வாசிக்கும். ஒப்பை வளர்க்கத் தேவையான மூலக்குழம்பு குழாயில் வரும், குடிதண்ணீர் வருகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் வலத்தட்டில் அதே பொருள் வளர்ந்து நிற்கும். கீறலோடு, கறையோடு, வாசனையோடு. எது அசல், எது ஒப்பு என்று அதைச் செய்த பொறியாளர்களாலும் சொல்ல முடியாது. உயிருள்ளதை மட்டும் அது தொடாது.

மதுரை மன்றம் ஒரே மழைக்காலத்தில் கலைந்தது. சண்டை ஏதும் வரவில்லை. மாடசாமியையும் இருதயராஜையும் தவிர எல்லோரிடமும் எல்லா அட்டையும் இருந்தது, அவ்வளவுதான். கடைசிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒருவர் ஆல்பத்தை ஒருவர் புரட்டினார்கள், ஒன்றுபோல இருந்தது, தேநீர் குடித்தார்கள், போனார்கள்.

ஊரும் அப்படித்தான் ஆயிற்று. ஏணி கேட்டு யாரும் பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை. குடை கேட்பதில்லை, உறைமோர் கேட்பதில்லை. இரவல் என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டியிருந்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அழைப்புமணிகள் துருப்பிடித்தன.

செவ்வேள் தனியாக இருந்தார். அவருடைய மணியும் அடிக்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை. கதவைத் திறந்தால் ஜெபின் நின்றார். வருஷக்கணக்கில் பேசாதவர்.

"மாடசாமியத் தாரியாலே?" என்றார், நேற்று விட்ட பேச்சைத் தொடர்கிற மாதிரி.

"இருதயராஜத் தா. தாரேன்."

"இருதயராஜுக்கு மாடசாமி மட்டும் போதாதுலே. கோல்காரன்னா சும்மாவா? கூட ரெண்டு ஃபார்வர்ட வை."

"உள்ள வா. வாசல்ல நின்னு எதுக்குக் கத்துத?"

அன்று ஒரு வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள்: இந்த இரண்டு அட்டையையும் ஒப்பாக்கியில் வைப்பதில்லை. வந்தால் கையிலிருந்து கைக்குத்தான் வரவேண்டும். அதன்பின் ஞாயிறு தோறும் ஜெபின் வந்தார், கேட்டார், செவ்வேள் மறுத்தார். பிறகு செவ்வேள் கேட்டார், ஜெபின் மறுத்தார். நடுவில் இரண்டு காப்பி. சில ஞாயிறுகளில் கேட்பதும் மறுப்பதும் சீக்கிரம் முடிந்துவிடும். மீதி நேரம் இருவரும் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். செவ்வேளுக்கு அந்தப் பேசாத நேரந்தான் பிடித்தது. வாரத்தில் அவர் வீட்டுக்குள் இன்னொரு மனிதர் மூச்சுவிடுகிற நேரம் அது ஒன்றுதான்.

இப்படி ஒன்பது வருஷம் போனது. பிறகு ஜெபின் குளியலறையில் வழுக்கி விழுந்து, முட்டி மாற்றி, ஆஸ்பத்திரியில் படுத்தார்.

"ஞாயித்துக்கிழம விட்டுப்போகக் கூடாது. வீட்டுல போயி என் ஆல்பத்த எடுத்துட்டு வா. பிளெசி கதவத் தொறந்து விடுவா" என்று சொல்லி அனுப்பினார்.

பிளெசி ஜெபினின் மகள். வீட்டைத் திறந்துவிட்டு, "மாமா, அலமாரி மேல் தட்டுல இருக்கும் பாருங்க. நான் அப்பாவுக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டு வாரேன்" என்று அடுக்களைக்குப் போனாள்.

செவ்வேள் அந்த ஆல்பத்தைத் தனியாகத் தொட்டதே இல்லை. எப்போதும் ஜெபினின் மடியில்தான் பார்த்திருக்கிறார். எடுத்தார். மாடசாமியின் காலி உறை இருக்கிற பக்கம் தானாகத் திறந்துகொண்டது, அடிக்கடி திறந்த பக்கம்போல. உறைக்கும் ஆல்பத்தின் தாளுக்கும் நடுவில் ஏதோ ஒன்று நழுவி அவர் காலடியில் விழுந்தது.

மாடசாமி. மட்டையைத் தோளில் சாய்த்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நின்றார். இடது மூலையில் பல் தடம்.

செவ்வேள் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆனது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷமாக வாசலில் வந்து கேட்ட அந்தக் குரலை அவர் மனசுக்குள் ஞாயிறு ஞாயிறாகக் கேட்டுப்பார்த்தார். எந்த ஞாயிற்றிலும் பொய் தட்டுப்படவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. தன்னைப் பார்க்க வந்த ஒரே மனிதரும் வேறெதற்கோதான் வந்தாரா? தூக்குச்சட்டியோடு வந்த பிளெசி, "என்ன மாமா, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். அவர் அட்டையையும் ஆல்பத்தையும் தன் ஆல்பம் இருந்த பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஆஸ்பத்திரியில் ஜெபின் தலையணையில் சாய்ந்து காத்திருந்தார். பல்செட் மேசைமேல் தம்ளரில் கிடந்தது.

"வந்துட்டியாலே? மாடசாமியத் தாரியா?"

செவ்வேள் அட்டையை எடுத்துப் போர்வைமேல் வைத்தார்.

ஜெபின் அதைப் பார்த்தார். மூடிய வாய் கொஞ்சம் அசைந்தது.

"எப்பலே செஞ்ச?" என்றார் செவ்வேள்.

"மாத்திர மயக்கத்துல அத மறந்து உன்ன எடுக்க அனுப்பிட்டேன் பாரு. உன் கூரை ஒழுகுச்சே, அந்த ஐப்பசியில. நனைஞ்சிரும்னு உன் ஆல்பத்த என்கிட்ட குடுத்து வச்சேல்லா. அப்ப."

"அப்ப வாக்குக் குடுத்து ஒரு வருசங்கூட ஆகலையேலே."

"ஆகல."

"இத்தன வருசம் வந்து கெஞ்சுனது பூரா நடிப்பா?"

"நடிப்புன்னு சொல்லாத." ஜெபின் அவசரமாகத் தம்ளரை எடுக்கக் கையை நீட்டினார், எட்டவில்லை, விட்டுவிட்டார். "கேளு. கொண்டுவந்து உறைக்குள்ள சொருகுனேன். ஆல்பம் நெறஞ்சுது. அன்னைக்குப் பூரா பாத்துக்கிட்டே இருந்தேன். மறுநா பாக்கல. ஞாயித்துக்கிழம வந்துது. சட்டையப் போட்டுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன். எதுக்குப் போறோம்னு தெரியலலே. உன் வீட்டுல வந்து என்னத்தக் கேக்க? சீனியா? ஏணியா? எல்லாந்தான் வீட்டுலயே முளைக்குதே."

"சும்மா வந்திருக்கலாம்லா."

"சும்மா இப்ப எவன் எவன் வீட்டுக்கு வாரான்? நீ ஒரு நாள் சும்மா வந்திருக்கியா?"

செவ்வேள் யோசித்தார். வந்ததில்லை. ஜெபின் வீட்டு வழியாகப் போன நாட்கள் உண்டு. கதவருகே கால் தயங்கிய நாட்களும் உண்டு. கேட்க ஒன்றும் இல்லாமல் எப்படி மணியை அடிப்பது என்று போய்விட்டிருக்கிறார்.

"அதான் திரும்ப உருவிப் பின்னால சொருகிட்டேன். காலியான பெறகுதான் உன் வீட்டுக்கு வர முடிஞ்சுது" என்றார் ஜெபின்.

பிளெசி கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சுவர் ஓரத்தில் ஆஸ்பத்திரி ஒப்பாக்கி ஒன்று போர்வைகளை வளர்த்துக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணும் சொல்லிருதேன்," ஜெபின் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல வச்சா பிளெசி பாத்துருவான்னு கடைக்குப் போனேன். கடைக்காரப் பய ரெண்டையும் சேத்து எடுத்துக் கையில குடுத்துட்டான். எது எந்தத் தட்டுல இருந்துதுன்னு கேட்டா முழிக்கான். ஒண்ண எடுத்து உன் ஆல்பத்துல வச்சேன். உன்கிட்ட இருக்கதுதான் ஒப்போ என்னமோ."

செவ்வேள் பைக்குள்ளிருந்த தன் ஆல்பத்திலிருந்து மாடசாமியை எடுத்து, போர்வைமேல் கிடந்த மாடசாமிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி கண்ணைச் சுருக்கினார்கள். இரண்டின் மூலையிலும் அந்த எட்டு வயதுப் பல் தடம். ஒன்றை எடுத்து முகர்ந்தார். வெல்ல வாசனை. மற்றதை முகர்ந்தார். வெல்ல வாசனை. அசலுக்காக ஒன்பது வருஷம் காவல் இருந்தோமே என்று நினைத்தபோது அவருக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு மாதிரி ஏதோ கிளம்பி, மூக்கு வழியாகச் சத்தமாக வெளியே வந்தது.

"சிரிக்கியாலே?"

"பெறகு?"

ஜெபின் கையை நீட்டி ஒரு மாடசாமியை எடுக்கப் பார்த்தார். செவ்வேள் இரண்டையும் அள்ளித் தன் ஆல்பத்தில் ஒரே உறைக்குள் சொருகி, பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப உன்கிட்ட மாடசாமி இல்ல," என்றார். "கேளு."

ஜெபின் அவரையே பார்த்தார். கண் நிறைந்தது. அதை மறைக்க முகத்தைச் சுருக்கினார்.

"ரெண்டு வச்சிருக்கியே, ஒண்ணு தந்தா கொறஞ்சா போவே?"

"எது ஒரிஜினல்னு தெரியல. ரெண்டையும்தான் காக்கணும்."

"கடிச்சது என் பல்லுலே! மாத்து அன்னைக்கே முடிஞ்சுது."

"அப்ப பல்லக் காட்டு, வச்சுப் பாப்போம்."

"பல்லு தம்ளர்ல கெடக்குலே."

"தம்ளருக்கெல்லாம் அட்ட தர முடியாது."

பிளெசிக்குச் சிரிப்பில் கஞ்சி சிந்தியது. "அறுபது வயசு தாண்டிருச்சு ரெண்டு பேருக்கும்," என்றாள். அவர்கள் காதில் விழவில்லை.

ஜெபின் மறு மாதம் எழுந்து நடந்தார். அதன்பின் இன்னும் சில வருஷம் ஞாயிறு தோறும் வந்து கேட்டார். ஒரு முறைகூடச் செவ்வேள் கொடுக்கவில்லை. பிறகு ஒரு மார்கழியில் ஜெபின் தூக்கத்திலேயே போனார்.

அடக்கம் முடிந்த வாரம் பிளெசி அப்பாவின் ஆல்பத்தைக் கொண்டுவந்து செவ்வேளிடம் கொடுத்தாள். "உங்களுக்குத்தான்னு சொல்லியிருந்தாங்க மாமா." உள்ளே இருதயராஜ் இருந்தார், கோல்காரர் கவசத்தோடு. செவ்வேள் அவரை எடுத்துத் தன் காலி உறையில் வைத்தார். எட்டு வயதிலிருந்து காலியாக இருந்த உறை. அன்று பூராவும் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து நின்றார்.

நின்றவர் உள்ளே திரும்பிப்போய், உறையிலிருந்து இருதயராஜை உருவிக்கொண்டு பிளெசி வீட்டுக்கு நடந்தார்.

"இத நீ வச்சுக்கம்மா. நான் வந்து கேப்பேன். குடுத்திராத."

"கேட்டாக் குடுக்கக் கூடாதா? எவ்வளவு கேட்டாலுமா?"

"கெஞ்சும்போது முக்கியமாக் குடுக்காத."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரி," என்றாள். "உள்ள வாங்க மாமா. வாசல்ல நின்னு எதுக்குப் பேசுறீங்க?"

ஜெபின் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்தை ஒட்டி இருக்கிறார். மதுரை மன்றம் திரும்பக் கூடவே இல்லை. ஒப்பாக்கி நிறுவனம் இப்போது புதிய மாதிரி ஒன்றை விற்கிறது. அவ்வப்போது அது 'இது என்னால் முடியாது, அடுத்த வீட்டில் கேட்டுப்பாருங்கள்' என்று சொல்லும். எல்லா மாதிரிகளையும்விட அதுதான் அதிகம் விற்கிறது. இரண்டு மாடசாமியும் செவ்வேளின் ஆல்பத்தில் ஒரே உறைக்குள் இருக்கிறார்கள். எவர் அசல், எவர் ஒப்பு என்று யாருக்கும் தெரியாது. இருதயராஜ் பிளெசியிடம் இருக்கிறார். செவ்வேள் ஞாயிறு தோறும் போய்க் கேட்கிறார். பிளெசி அவள் அப்பாவைவிடக் கறார். போன மாதத்திலிருந்து அவளும் ஒரு மாடசாமியைக் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். செவ்வேள் இன்னும் கொடுக்கவில்லை.