எதிர்க்கரையில் விழுந்த புள்ளி

காபி பொங்கி அடுப்பில் வழிந்த நேரத்தில்தான் அல்ஜியர்ஸிலிருந்து வஸீலா கூப்பிட்டாள். ரவை மாவு ஒட்டிய கையோடு யமினா போனை எடுத்தாள். நாத்தனார் சலாம்கூடச் சொல்லவில்லை.

“அப்பா எங்கே அண்ணி?”

“அவர் அறையிலதான் இருக்கார். இப்பத்தான் அவருக்கு முகம் கழுவிவிட்டுட்டு வந்தேன்.”

“அப்படியா? விடிஞ்சதுலேருந்து ரயில் நிலையத்துல இருக்கார்னு என் போன் காட்டுதே... அவர்கிட்ட குடுங்க.”

யமினா பின்னறைக்குப் போனாள். மாமனார் ஹாஜ் தாஹர் கட்டிலில், ஜன்னலோரமாக உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். போனை அவர் காதில் வைத்தாள். எங்கே இருக்கிறீர்கள் என்று மகள் கேட்டது அவளுக்கும் கேட்டது.

“ஸ்டேஷன்லதாம்மா இருக்கேன்,” என்றார் கிழவர், கணீரென்று. “வண்டி இன்னும் வரலை.”

அதற்குமேல் யமினா எதைச் சொன்னாலும் எடுபடவில்லை.

கான்ஸ்தந்தீன் நகரத்தின் பழைய பகுதியில், பாறை விளிம்பைக் கவ்விக்கொண்டு நின்ற வீடு அது. பின்னறை ஜன்னலைத் திறந்தால் கீழே கிடுகிடு பள்ளம்; அதற்கு அக்கரையில் ரயில் நிலையம். ஹாஜ் தாஹர் வாழ்நாள் முழுக்க அங்கே வேலை பார்த்தவர். நினைவு தப்பத் தொடங்கிய பிறகு உடம்பு இங்கேயும் மனம் அங்கேயுமாக இருந்தது. போன குளிர்காலத்தில் ஒருநாள் உடம்பும் கிளம்பிவிட்டது. பாலத்தைக் கடந்து போய், மழையில் நனைந்தபடி நடைமேடையில் நின்றவரை அக்கம்பக்கத்தார் கூட்டிவந்து விட்டார்கள். அந்த வாரமே யமினா தன் பள்ளிக்கூட வேலையை ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவளுக்கு உயிர். ஆனால் கணவன் லக்தர் டிராம் ஓட்டுகிறவன். வஸீலாவோ தலைநகர் அல்ஜியர்ஸில் வங்கி அதிகாரி. வீட்டில் இருக்க ஆள் வேண்டும் என்றபோது எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். 

கிழவரின் போனில், இருப்பிடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுவைக்கலாம் என்று பெருநாளுக்கு வந்தபோது வஸீலாதான் யோசனை சொன்னாள். நல்ல யோசனைதான். அவள் புருஷன் முராத் பொறியாளர். சோபாவில் சாய்ந்தபடி நாலைந்தைப் புரட்டிப் பார்த்தான். எதற்கு நிறைய நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், எது பார்க்க அழகாக இருக்கிறது என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். அதை யாரும் எங்கேயும் நடந்துபோய்ச் சோதித்துப் பார்க்கவில்லை. தேநீர்த் தட்டோடு நின்ற யமினா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தப் புள்ளி இப்ப பார்த்ததா, காலையில பார்த்ததான்னு எங்கேயாவது போட்டிருக்கா?”

வஸீலா சிரித்தாள். “இது வகுப்பறை இல்ல அண்ணி. புள்ளி எங்கேயோ, ஆளும் அங்கேதான்.”

அந்தப் புள்ளிதான் இப்போது வாரத்தில் பாதி நாள் அக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டது.

யமினா சந்தைக்குப் போகிற நேரத்தில் அப்பாவை வெளியே விட்டுவிடுகிறாள் என்று வஸீலாவே ஒரு கதையைக் கட்டி முடித்துவிட்டாள். வேலை போன ஆத்திரம், அதைக் கிழவர்மேல் காட்டுகிறாள் என்று அண்ணனிடம் சொன்னாள். யமினா மாமனாரைக் கட்டிலோடு படம் பிடித்து அனுப்பினாள். அது நேற்று எடுத்த படமாக இருக்கும் என்று பதில் வந்தது.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது லக்தரின் சந்தேகம். ஓர் இரவு, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே அவன் கேட்டான்.

“நெஜத்தைச் சொல்லு யமினா. அவரை அங்கே விட்டுட்டு எங்கேயாவது போறியா?”

“நீங்களுமா?”

“போன் ஒண்ணு சொல்லுது. அப்பாவும் அதையேதான் சொல்றார். நான் யாரை நம்புறது?”

யமினா தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து லக்தரிடம் எதற்கும் சாட்சி காட்ட வேண்டியிருந்ததில்லை. இன்றைக்கு அவள் சொல்லுக்கு எதிராக ஒரு புள்ளியும், நினைவு இல்லாத ஒரு கிழவரும் சாட்சி. அந்த இரண்டுமே ஜெயித்துவிட்டன.

அடுத்த வெள்ளிக்கிழமை வஸீலா காரோடு வந்து நின்றாள். அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போகப் போகிறேன் என்றாள். லக்தர் தலையைக் குனிந்துகொண்டான். யமினாதான் மாமனாரின் உடுப்புகளை மடித்து வைத்தாள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று சொன்னாள். வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளைப் பகலிலும் போட்டுவைக்கச் சொன்னாள். வஸீலா கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. கார் கிளம்பும்போது கிழவர் கண்ணாடியை இறக்கி, “நீ வரலையா?” என்றார். யமினா வாசலில் நின்றபடி கையை மட்டும் அசைத்தாள்.

வீடு வெறிச்சோடிப் போயிற்று. யமினா அவசியத்துக்கு மட்டும் பேசினாள். ஒரு மாலை, வேலை முடிந்து வந்த லக்தர் பின்னறைக்குப் போய் அப்பாவின் கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவன் போனிலும் அதே ஆப் இருந்தது. குடும்பத்தில் எல்லோருக்கும் முராத் போட்டுக்கொடுத்திருந்தான். போன் அடித்தது. வஸீலா, அப்பாவின் மருந்து விஷயமாகக் கூப்பிட்டிருந்தாள். பேச்சுவாக்கில் கேட்டாள்.

“ஆமா, ரயில் நிலையத்துல என்ன பண்றே நீ?”

லக்தருக்கு முதலில் விளங்கவில்லை. “நானா?”

“உன் புள்ளி அங்கேதானே இருக்கு.”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். அப்பாவின் தலையணை. அப்பாவின் செருப்பு. ஜன்னலுக்கு வெளியே பள்ளத்துக்கு அப்பால் விளக்கேற்றிய நடைமேடை.

“நான் அப்பா கட்டில்ல உட்கார்ந்திருக்கேன் வஸீலா,” என்றான்.

வஸீலா பக்கத்தில் இருந்த புருஷனைக் கூப்பிட்டாள். பிறகு முராத் போனை வாங்கினான். தடித்த கல் சுவருக்குள்ளே செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டவில்லை, எதிர்க்கரையில் இருக்கும் செல்போன் கோபுரத்தை வைத்து அந்த ஆப் குத்துமதிப்பாகப் புள்ளி வைத்திருக்கிறது என்று தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டான். சோதித்துத்தான் போட்டிருக்க வேண்டும் என்றான்.

லக்தர் சமையலறைக்கு வந்தான். யமினா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அவன் அவள் நறுக்கிய காயைப் பாத்திரத்தில் அள்ளிப்போட்டான். கடைசியில், வெள்ளிக்கிழமை விடுமுறையில் போய் அப்பாவைக் கூட்டிவந்துவிடலாம் என்று மட்டும் சொன்னான்.

“இப்பவே கிளம்பலாமே,” என்றாள் அவள்.

டிராமுக்கு மாற்று ஆள் கிடைக்காது என்றான். வஸீலாவுக்கும் உடனே அனுப்ப மனம் வரவில்லை. தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும். வெள்ளிக்கிழமையே வாருங்கள் என்றாள். அந்தச் சில நாள் தாமதத்தை நினைத்துத்தான் அண்ணனும் தங்கையும் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

வெள்ளிக்கிழமை வருவதற்குள் அது நடந்துவிட்டது. வஸீலா வங்கியில் இருந்தாள். வேலைக்காரப் பெண் சீக்கிரமே கிளம்பிப் போயிருந்தாள். வஸீலா மத்தியானம் இரண்டு தடவை போனைப் பார்த்தாள். அந்த ஆப்பின் லட்சணம் தெரிந்தும், வேறு வழியில்லாமல் பார்த்தாள். அப்பாவின் புள்ளி தன் வீட்டு மேலேயே அசையாமல் இருந்தது. நிம்மதியாக வேலையைப் பார்த்தாள். சாயங்காலம் வந்தால் கதவு திறந்து கிடந்தது, வீட்டில் ஆள் இல்லை. புள்ளி மட்டும் அப்போதும் வீட்டில்தான் இருந்தது. பேட்டரியை மிச்சம்பிடிக்க அப்பாவின் போன் காலையிலேயே ஆப்பைத் தூங்கவைத்துவிட்டது. கிழவர் வெளியேறுவதற்கு முன்னால் பார்த்த இடத்தையே அது இப்போதுபோல் காட்டிக்கொண்டிருந்தது.

லக்தரும் யமினாவும் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கடற்கரையோரம் ஒரு சின்ன ரயில் நிலையத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மழையில் கிடந்திருக்கிறார். போன் கோட்டுப் பையிலேயே இருந்தது.

நடைக்கூடத்தில் யமினாவைக் கண்டதும் வஸீலா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“வீட்டுலதான் இருக்கார்னு நெனச்சேன் அண்ணி... பார்த்தேன், வீட்டுலதான் இருந்தார்... என் அப்பா மழையில கிடந்தப்ப நான் காபி குடிச்சிட்டிருந்தேன்.”

யமினா அவளை அணைத்துக்கொண்டாள். அழுகிறவளை அணைக்காமல் இருக்க அவளால் முடியாது. ஆனால் மனதில் கனன்றதைச் சொல்லாமல் இருக்கவும் அன்றைக்கு முடியவில்லை.

“அந்தப் போன்கிட்ட தினம் பத்து தடவை கேட்டே வஸீலா. என்கிட்ட ஒரு தடவை, நம்புற மாதிரி கேட்டிருக்கலாம்.”

 வஸீலாவின் விம்மல் யமினாவின் தோளில் அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற லக்தர் தலையில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். அந்தச் சொல் தனக்கும் சேர்த்துத்தான் என்று அவனுக்குத் தெரிந்தது.

எலும்பு ஒட்டியது, நடை திரும்பவில்லை. வசந்தம் பிறந்த சமயத்தில் ஹாஜ் தாஹரைப் பழைய வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். மிச்சமிருந்த நினைவும் அந்த மழையோடு போயிருந்தது. யமினாவை அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு காலையும் புதிதாகப் பார்த்து, மரியாதையாக நன்றி சொன்னார்.

லக்தர் அந்த நாட்களில் ஒரு பைத்தியம்போல் அலைந்தான். ஓய்வு கிடைத்த பொழுதெல்லாம் வேறு வேறு ஆப்புகளைப் போட்டுக்கொண்டு பாலத்தில் நடந்தான், சந்துகளில் நின்றான், பின்னறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தான். ஒன்று இடத்தைச் சரியாகக் காட்டியது, ஆனால் பேட்டரியைக் குடித்தது. இன்னொன்று பூட்டிய போனில் வேலை செய்யவில்லை. கடைசியில் ஒன்று தேறியது. ஒரு மாலை யமினாவிடம் அதை நீட்டினான்.

“பாரு, சரியா நம்ம வீட்டு மேலேயே நிக்குது. நிச்சயமாத் தெரியலைன்னா சுத்தி வட்டம் போட்டுத் தெரியலைன்னே சொல்லிடுது. எத்தனை நிமிஷத்துக்கு முன்னாடி பார்த்ததுன்னும் போட்டிருக்கு, நீ அன்னிக்கே கேட்டியே... அது.”

யமினா வெகுநேரம் அதையே பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாதவருக்கு எதுக்குங்க இது?”

அவன் நீட்டிய கை அப்படியே நின்றது. கண்கள் நிறைந்து வழிந்தன. அவள் போனை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அவன் கையைத் தன் கைகளுக்குள் பொதிந்து வைத்துக்கொண்டாள். 

வஸீலா இப்போதெல்லாம் மாதம் தவறாமல் வந்தாள். ஒரு காலை, யமினா மாமனாருக்குக் கோதுமைக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, ஆரஞ்சுப்பூ நீர் விட்ட காபி எடுத்துவரப் போனாள். கிழவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வஸீலாவின் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

“யாரும்மா அந்தப் பொண்ணு? கை அவ்வளவு இதமா இருக்கு. யார் வீட்டுப் பொண்ணு?”

“உங்க வீட்டுப் பொண்ணுதாம்ப்பா,” என்றாள் வஸீலா.

“அப்ப நீ யாரு?”

 வஸீலா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“நான்... அவங்களைப் பார்க்க வந்திருக்கேன்.”

கோப்பையோடு வாசற்படியில் நின்ற யமினா அதைக் கேட்டாள். மெதுவாக வந்து கோப்பையை வைத்துவிட்டு நாத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வஸீலா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். யமினாவின் கை அவள் கூந்தலைக் கோதியது. யமினாவின் கண்ணீரும் அதன்மேலேயே சொட்டியது.

முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் அழுவதைப் பார்க்கக் கூசியவர்போல, கிழவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.