இரண்டாவது நாடி

மத்தியானம் கரண்ட் போய், மின்விசிறி ஓய்ந்து, திராட்சைத் தோட்டத்துப் பம்புசெட்டும் நின்றபிறகுதான் சொர்ணலதாவுக்கு அது கேட்டது. கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த புருஷன் சுந்தரலிங்கத்தின் கழுத்திலிருந்து, ஈரத்துணியை மெதுவாகத் தரையில் அடிப்பதுபோல ஒரு சத்தம்.

கேட்கக்கூடாத சத்தம். தாடைக்குக் கீழே எலுமிச்சை அளவுக்குப் புடைத்துத் துடித்துக்கொண்டிருந்த ரத்தக்குழாய் வீக்கத்துக்காகப் போன மாதம்தான் மதுரைக்குப் போய் வந்திருந்தார்கள். கழுத்தை அறுக்கவில்லை, தொடை வழியாகக் கம்பி விட்டு, கழுத்துக் குழாய்க்குள் துணி போர்த்திய ஸ்டென்ட் ஒன்றை விரித்து வைத்தார்கள். "இனிமே ரத்தம் இதுக்குள்ளயே ஓடிரும்மா. வெளிய இருக்க வீக்கம் உறைஞ்சு தானா வத்திரும்" என்றார் டாக்டர். சொன்னபடியே துடிப்பு அடங்கியும் போயிருந்தது. ஊர் திரும்புகையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் கொய்யாப்பழம் கேட்டு வாங்கித் தின்றதை நினைத்து நினைத்து அவள் சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள்.

வீக்கத்தில் விரல் வைத்தாள். துடித்தது. இன்னொரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அதுவும் துடித்தது. ஆனால் இரண்டும் சேர்ந்து துடிக்கவில்லை.

அவர் கண் விழித்துச் சிரித்தார். "என்னத்தா, கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

"உங்களுக்கு அங்கன எதுவும் செய்யுதாங்க?"

"ஒண்ணும் செய்யல. மரத்துப்போய்க் கெடக்கு. நீ பயந்து சாகாத."

மறுநாளே கம்பம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது, வீக்கத்துக்குள் ரத்தமே போகவில்லை, துடிக்க வழியில்லை என்றார் டாக்டரம்மா, தொட்டும் பார்த்தார். "பயத்துல உங்க விரல்தான் துடிக்குதும்மா."

அதன்பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. மணிக்கட்டு நாடி மெலிந்துகொண்டே வந்தது. கழுத்தில் இருந்தது தடித்துக்கொண்டே போனது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்துக்குக் கிளம்பினால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். திராட்சைப் பந்தலுக்கு அடித்த மயில்துத்த மருந்தின் வாடை வீடெங்கும் நிறைந்திருந்த ஒரு சாயங்காலம், "அசதியா இருக்கு லதா" என்று அவள் மடியில் தலை சாய்த்தார்.

மூச்சு நின்றது. நெஞ்சு நின்றது. மணிக்கட்டும் நின்றது.

கழுத்து நிற்கவில்லை.

"தம்பி, உங்க அண்ணன் கழுத்தத் தொட்டுப் பாருங்க!"

கொழுந்தன் சண்முகராஜ் தொட்டான். நெடுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு அழுதான். "ஒண்ணுமில்ல மதினி. அண்ணன் போயிட்டாக."

"போகல. அவுகள எடுத்துறாதீக."

பெண்கள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். அவரைக் குளிப்பாட்டினார்கள். தாடை தொங்காமலிருக்க வெள்ளைத்துணியைச் சுற்றி உச்சியில் முடிந்தார்கள். கட்டு, வீக்கத்தின்மேல் இறுகிப் படிந்தது.

துணி விம்மியது. தாழ்ந்தது.

ஒப்பாரி உரக்க எழுந்தது. அவள் மட்டும் அழவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

விம்மியது. இமை அசைந்தது. தாழ்ந்தது. மறுபடி விம்மியது.

மெல்ல, மெல்லத் திறந்தன.

அவளைத் தெரியாத கண்கள்.