மாலையில் வரும் ஆறு

மாரியம்மன் திருவிழாவுக்காகச் சிறிய மூங்கில் கூடையில் விதை தூவி, இருட்டு மூலையில் வைத்து முளைப்பாரி வளர்த்தாள் சுபாஜினி. காய்ச்சலில் கிடந்த அவளுடைய அம்மா ஜீவராணி எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். அதற்காக அம்மனுக்கு நன்றி சொல்லத்தான் இந்த முளைப்பாரி.

இன்று பகலில் அதை ஆற்றில் விட வேண்டும். ஆனால் ஆற்றில் தண்ணீர் எங்கே? மேலே அணை கட்டிய பிறகு வரும் முதல் திருவிழா இது. பார்த்த இடமெல்லாம் கல்லும் மணலும்தான்.

"பெரிய வாளியில தண்ணி நெரப்பி, அதுல விட்டுருவோமா?" என்றார் கோயில் தலைவர் முருகையா.

"வாளியில விட்டா அது எங்க போகும் தாத்தா? அங்கயே சுத்திக்கிட்டு நிக்கும்!" சுபாஜினிக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது தம்பி நிஷாந்த் ஓடி வந்தான். "அக்கா, நேத்து ஆத்துக் கல்லு மேல கழட்டி வச்ச செருப்பக் காணோம்! நாய் தூக்கிருச்சு!"

சுபாஜினி அவனோடு போய்ப் பார்த்தாள். கற்களின் அடியில் இன்னும் ஈரம் இருந்தது. கரையோரப் புல்லெல்லாம் சீவிவிட்ட தலைமுடிபோல ஒரே பக்கமாகப் படுத்திருந்தது.

"நாய் இல்லடா. ஆறு வந்து தூக்கிட்டுப் போயிருக்கு!"

அம்மாவை அழைத்துக்கொண்டு அணைக்குப் போனாள். நேற்று ஆறு வந்ததா என்று கேட்டதும், அணைக் கதவுகளைப் பார்த்துக்கொள்ளும் அஸ்ஹர் நானா சிரித்தார்.

"ஆமா மகள். பகல்ல தண்ணியச் சேத்து வைப்போம். பொழுது சாஞ்சா எல்லா வீட்லயும் லைட் போடுவாங்கல்ல? அப்ப கரண்டு எடுக்கிற மிஷின் ஓடணும். அந்தத் தண்ணிதான் கீழ வருது. சங்கு ஊதிட்டுத்தான் விடுவோம்."

"ஐயோ, அது தேயிலை பெக்டரி சங்குன்னுல்ல நெனச்சோம்!" என்றாள் அம்மா.

"நல்லா நெனச்சீங்க போங்க! சங்கு ஊதினா ஒருத்தரும் ஆத்துக்குள்ள நிக்கக் கூடாது. தண்ணி மளமளன்னு ஏறும்."

சுபாஜினி திரும்பி வந்து சொன்னபோது முருகையாவுக்கு மனசு வரவில்லை. "எப்பவும் பகல்லதானே போவோம்?"

"தாத்தா, ஆறு சாயங்காலந்தான் வீட்டுல இருக்கு!" என்றாள் சுபாஜினி.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சாயங்காலமே போவோம். ஆனா எறங்காம எப்படி விடுறது?"

"முன்னாடியே கல்லு மேல வச்சிட்டு, நாம மேட்டுல ஏறி நிப்போம்."

மாலையில் தப்பு முழங்க ஊர்வலம் வந்தது. கூடைகளைக் கற்கள்மேல் வரிசையாக வைத்துவிட்டு எல்லாரும் மேட்டில் ஏறினார்கள். யாரும் கீழே தங்கிவிடவில்லையே என்று சுபாஜினி எட்டி எட்டிப் பார்த்தாள்.

சங்கு ஊதியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, சலசலவென்று ஒரு சத்தம். மணலை நனைத்து, கல்லைத் தொட்டு, மளமளவென்று ஏறியது தண்ணீர். சுபாஜினியின் கூடை ஒருமுறை ஆடியது. அப்புறம் பச்சைத் தலையை அசைத்தபடி மிதந்து போனது.

"எப்பவும் நாமதான் கொண்டுபோய்க் குடுப்போம். இந்த வருசம் ஆறே வந்து வாங்கிட்டுப் போகுதே!" என்றார் முருகையா.

அம்மா கைகூப்பி நின்றாள். சுபாஜினியும் கும்பிட்டாள். பிறகு அணை இருக்கும் பக்கம் திரும்பி, "தேங்க்ஸ் நானா!" என்று கத்தினாள்.

அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்காதுதான். அதனால் இன்னொரு முறை கத்தினாள்.