பாதியில் நின்ற கயிறு

நிதானம் என்று எல்லோரும் அழைக்கும் அந்த மனிதர் தம் மூக்குக்கண்ணாடியை மேசைக்கடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மாள் பிளாஸ்டிக் வாளியோடு வாசலில் வந்து நின்றார். கண்ணாடி மேசைக்கடியில் இல்லை. அவருடைய மைத்துனரின் சட்டைப் பையில் இருந்தது.

மைத்துனர் கெட்டவரல்ல. முப்பது வருடம் விபத்துகளை ஆராய்ந்து ஓய்வுபெற்ற அத்தானோடு ஏழு வருடமாக அலைகிறார். கார் ஓட்டுவது, குறிப்பெடுப்பது, ஆட்களை விசாரிப்பது எல்லாம் இவர். பேர் மட்டும் அத்தானுக்கு. போன வாரம் பத்திரிகையில் வந்த படத்தில் இவருடைய முழங்கை மட்டும் விழுந்திருந்தது. அந்த வயிற்றெரிச்சலில்தான் காலையில் கண்ணாடியை எடுத்து ஒளித்தார். ஒரு நாளாவது நாலு பேர் முன்னால் மனுஷன் தடுமாறட்டும் என்பதற்கு மேல் அவருக்கு வேறு எண்ணம் கிடையாது.

வந்த அம்மாள் மலையேற்றத்துக்கும் ஆற்றுப் படகுப் பயணத்துக்கும் ஆட்களைக் கூட்டிப்போகும் தொழில் நடத்துபவர். மலைக்கு மூத்த மருமகள் வழிகாட்டி, ஆற்றுக்கு இளைய மருமகள். நேற்று மூன்றாவது சரிவில் ரப்பர் படகு குலுங்கியதில் ஒரு பயணி தண்ணீரில் விழுந்தார். இளையவள் உடனே மீட்புப் பையை வீசினாள். பைக்குள் இருபது மீட்டர் கயிறு இருக்கும். ஒரு முனை வீசுபவர் கையில் நிற்க, பை பறக்கப் பறக்கக் கயிறு அவிழ்ந்துகொண்டே போக வேண்டும். நேற்றோ பத்து மீட்டரில் சிக்கி நின்றுவிட்டது. பயணி பாறையில் மோதிக் கை ஒடிந்து, உயிர் தப்பியதே பெரிய காரியம்.

பையில் கயிற்றைச் சரியாக அடைக்காதது வழிகாட்டியின் கவனக்குறைவு என்று படகு வழிகாட்டிகள் சங்கம் சொல்கிறதாம். இன்று மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். இளையவளின் உரிமம் பறிபோனால் அவள் எந்த ஆற்றிலும் இனித் துடுப்பு பிடிக்க முடியாது.

"அவ சரியாத்தான் அடைச்சிருப்பா. பையை நான் எடுத்துப் பூட்டி வச்சேன், யாருக்கும் காட்டல. உள்ள பாத்தா எனக்கே பயமா இருக்கு" என்றார் முதலாளியம்மா.

கண்ணாடி இல்லாததால் நிதானம் பார்க்கவில்லை. வாளியில் இருந்த பைக்குள் கையை விட்டு விரல்களால் தடவினார். பிறகு மெல்ல வெளியே எடுத்தார். பையின் அடியோடு கட்டியிருந்த பாதிக் கயிறு வட்டமாக, ஒழுங்காகச் சுற்றப்பட்டு, நடுவில் இரண்டு சுற்றுப் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. ஆற்றுக்காரர்கள் கயிற்றைச் சுற்றவே மாட்டார்கள் என்றார் அம்மாள். பிடி பிடியாகத் திணிப்பார்கள். அப்போதுதான் தடையில்லாமல் அவிழும்.

மைத்துனருக்கு மூக்கு வியர்த்தது. "கயிறு சுத்துறது மலைக்காரங்க வேலை. மூத்த மருமகள்தான். ஓரகத்திப் பொறாமை, இதுல யோசிக்க என்ன அத்தான் இருக்கு?"

முதலாளியம்மா மறுக்கவில்லை. இந்தப் பையைச் சங்கத்தில் காட்டினால் ஒரு மருமகளைக் காப்பாற்ற இன்னொருத்தியைப் பலி கொடுக்க வேண்டும் என்று கண்கலங்கினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நிதானம் மைத்துனரிடம் சொல்லவில்லை. வண்டியை எடுக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகை, பக்கத்தில் அலுவலகம். மீட்புப் பைகள் இரவில் தொங்குவது அலுவலக வராந்தாவில். கொட்டகையில் மூத்தவளின் மலைக்கயிறுகள், நடுவில் பிடித்து இரண்டு பக்கமும் மடிமடியாகத் தொங்கவிட்ட மாதிரி வரிசையாக இருந்தன. அலுவலகத்துக்குள் இளைய மகனின் ராஜ்ஜியம். கேமரா, திரை, ஆணி ஆணியாக மாட்டிய வயர் வளையங்கள். பயணங்களைப் படமெடுத்துச் சாயங்காலம் திரையில் காட்டுவது இளையவளின் கணவனான அவன் வேலை. சுவர் முழுக்கப் படங்கள். கீழே தேதி எழுதியிருந்ததை மைத்துனர் வாசித்துக்கொண்டே வர, நிதானம் மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்த்தார். பழைய படங்களில் இளையவள் நடுவில் இருந்தாள். கடைசி இரண்டு மாதப் படங்களில் ஓரத்துக்குப் போயிருந்தாள். சிலவற்றில் அவளுடைய துடுப்பு மட்டும் இருந்தது.

மூத்தவளை விசாரிக்கும் பொறுப்பை மைத்துனர் தாமே எடுத்துக்கொண்டார். அவள் சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"வயித்தெரிச்சல் இருக்கு, இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். மலைக்கு நாலு பேரு வந்தா ஆத்துக்கு நாப்பது பேரு. சுவர்ல என் போட்டோ ஒண்ணே ஒண்ணு, அதுலயும் முதுகு. ஆனா கயித்துல கைவைக்க மாட்டேன். நான் கயித்துல தொங்குறவ."

அந்த முதுகுப் படத்தைப் பற்றிக் கேட்டதும் மைத்துனருக்குத் தம் முழங்கை ஞாபகம் வந்தது. அதற்குமேல் அவளைக் குற்றவாளியாக நினைக்க அவருக்கு மனசு வரவில்லை. போகிற போக்கில் அவள் ஒன்று சொன்னாள். தினமும் கிளம்புமுன் பயணிகள் முன்னால் மணலில் எல்லா மீட்புப் பைகளையும் ஒருமுறை வீசிப் பார்த்துத் திரும்ப அடைப்பது இங்கே வழக்கமாம். காலை வீச்சு என்று அதற்குப் பேர்.

மூன்று மணிக்கு எல்லோரும் அலுவலகத்தில் கூடினார்கள். நிதானம் ஒரு கயிற்றை மூத்தவளிடம் கொடுத்து, எடுத்துவைக்கும்படி சொன்னார். அவள் உள்ளங்கையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மடித்துப் போட்டாள். வட்டமாகச் சுற்றினால் முறுக்கு விழும், மலையில் அது ஆகாது என்றாள். அதே கயிற்றை இளையவள் பைக்குள் பிடி பிடியாகத் திணித்தாள். அவள் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"தம்பி, திரை வயர் கீழ கிடக்கே. அதைக் கொஞ்சம் எடுத்து மாட்டிருப்பா" என்றார் நிதானம்.

கணவன் குனிந்து எடுத்தான். உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாக மளமளவென்று சுற்றினான். வளையத்தைக் கழற்றி, நடுவில் ஒரு சுற்றுப் போட்டான். இரண்டாவது சுற்றுப் போடும்போது கை நின்றது. மேசைமேல் மீட்புப் பையின் கயிறு அதே வளையமாக, அதே இரண்டு சுற்றோடு இருந்தது.

"கண்ணாடி இருந்திருந்தா நானும் அழகாச் சுத்தியிருக்குன்னு பாத்துட்டு விட்டிருப்பேன். விரல்ல தடவினப்பதான் முறுக்கு தெரிஞ்சுது. மலைக்காரங்க முறுக்கு விழ விடமாட்டாங்க. இது வயர் சுத்துற கை" என்றார் நிதானம். "ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. பொண்டாட்டி படகுல இருக்கிறவங்களை ஆத்துல கொல்லணும்னு ஒருத்தன் நினைப்பானா?"

மைத்துனர் மெதுவாக எழுந்தார். சட்டைப் பையில் இருந்த கண்ணாடி நெஞ்சில் அழுத்தியது.

"கொல்ல நினைக்கல அத்தான். காலை வீச்சுல கயிறு பாதியில நிக்கணும், பயணிங்க சிரிக்கணும். எல்லாரும் கை தட்டுற ஆளு ஒரே ஒரு நாள் தடுமாறணும். அப்புறம் அவங்களே எடுத்துத் திரும்ப அடைச்சுக்குவாங்க. அவ்வளவுதான் கணக்கு." அவர் முதலாளியம்மா பக்கம் திரும்பினார். "நேத்து காலை வீச்சு நடந்துதாம்மா?"

முதலாளியம்மா இல்லையென்று தலையாட்டினார். பயணிகளின் பஸ் தாமதம், இளையவள் வேண்டாம் என்றும் கேட்காமல், இன்று ஒருநாள் வீச்சு இல்லாமல் கிளம்பு என்று உத்தரவு போட்டதே அவர்தான். மகன் அதற்கு முன்பே கேமராவோடு மூன்றாவது சரிவின் பாறைக்குப் போய்விட்டிருந்தான். வீச்சு நடக்காதது அவனுக்குத் தெரியாது.

அவன் வயரைக் கீழே வைத்தான். சாயங்காலம் திரையில் அவளைப் பார்த்து எல்லோரும் கைதட்டுவார்கள், எடுத்தது யார் என்று ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை என்றான். தண்ணீர் என்றால் தனக்குப் பயம் என்பதை வைத்து அவள் பயணிகளோடு சிரித்ததாகவும் சொன்னான். கயிறு பாதியில் நின்றதைக் கேமரா வழியாகவே பார்த்தானாம்.

இளையவள் அவன் பக்கம் திரும்பினாள். "உங்களை வச்சு நான் சிரிச்சது தப்புதான். அதுக்கு என்னைத் தண்ணியில தள்ளியிருக்கலாம். கயித்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் இருந்தாரு" என்றாள்.

பெற்ற மகனா மருமகளா என்று முதலாளியம்மா தவித்தது கொஞ்ச நேரம்தான். பிறகு பையை வாளியோடு எடுத்துக்கொண்டார். "வீச்சை நிறுத்தினது நான். அதை நான் சொல்றேன். நீ செஞ்சதை நீ சொல்லு" என்று மகனின் கையைப் பிடித்து எழுப்பினார். ஐந்து மணிக்குச் சங்கத்தில் இருவரும் வாயைத் திறந்தார்கள். இளையவளின் உரிமம் தப்பியது. மகனைப் போலீசில் கொடுப்பதா என்பது கை ஒடிந்தவரின் முடிவுக்கு விடப்பட்டது. இளையவள் அன்றே தன் பெட்டியை மூத்தவளின் அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் மைத்துனர் வண்டியை ஓரம் கட்டினார். கண்ணாடியை எடுத்து நீட்டினார். நிதானம் அதைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு பாதையைப் பார்த்தார்.

"போன மாசம் காணாமப் போன பேனா?"

"வீட்டுல இருக்கு அத்தான்."

"இருக்கட்டும். இந்தக் கேஸ் அறிக்கையை அதுலயே எழுது. காரணத்தைக் கண்டுபிடிச்சது நீதான், உன் பேரை மேல போடு."

மைத்துனர் தலையாட்டினார். வண்டியை எடுத்தார். பாதி தூரம் வந்த பிறகு, பேனாவையும் இந்த மனுஷன் கண்டுபிடித்துவிட்டாரே என்று கொஞ்சம் எரியவும் செய்தது.