கொசுறாக வந்த மஞ்சள் லென்ஸ்

ஓர் உயிரின் விலை ஐந்நூறு ரூபாய். காஷ்மீரின் குல்மார்க் கடைவீதியில் திரவியம் அடித்துப் பேசி வாங்கிய தள்ளுபடி அது!

விருதுநகர்ப் பருப்பு மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை அவன். பனிச்சறுக்குக் கண்ணாடி மூன்று வாங்கினான், மூன்றும் கன்னங்கரேல். "மேகம் மூடினால் இதை மாட்டுங்கள்" என்று கடைக்காரர் ஒரு மஞ்சள் லென்ஸைக் கொசுறாக நீட்டினார். கொசுறைப் பற்றித் திரவியத்துக்கா தெரியாது? அவன் மண்டியில் கொசுறாகப் போவதெல்லாம் மூட்டையின் அடித்தூசி. "கொசுறை நீங்களே வச்சுக்கிட்டு ஐந்நூறைக் குறைங்க!" என்று சாதித்துவிட்டு வெளியே வந்தான்.

மறுநாள் பிற்பகல் மேகம் இறங்கியது. முன்னால் சறுக்கிப் போன மச்சான் சங்கிலி திரும்பவில்லை. சரிவின் கீழே எங்கிருந்தோ அவன் விசில் மட்டும் கேட்டது. கைபேசியில் சிக்னல் இல்லை. பனி தூவத் தொடங்கியிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் அவன் சறுக்கிய தடம் மூடிவிடும்!

"இந்தா, பக்கத்துலதான் இருக்கான்! வா புள்ள!" என்று பாய்ந்த திரவியம் அடுத்த நொடியே தலைகுப்புற விழுந்தான்.

"பள்ளம் தெரியலையா அத்தான்?" என்று கத்தினாள் அவன் மனைவி கோமதி, சங்கிலியின் தங்கை.

"எங்க இருக்கு பள்ளம்? எல்லாம் வேட்டியை விரிச்ச மாதிரியில்ல கெடக்கு!"

எழுந்தான். மேடு என்று நம்பிய இடம் குழியாக இருந்தது. குழிக்குப் பயந்து ஒதுங்கினால் மேடு முட்டியது. வானமும் தரையும் ஒரே சாம்பல். கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தான், திட்டினான், மறுபடி விழுந்தான். கண்ணாடியைக் கழற்றினால் பனித்தூள் கண்ணைக் குத்தியது. விசில் மெலிந்துகொண்டே போனது.

கோமதி பைக்குள்ளிருந்து மஞ்சள் லென்ஸை எடுத்தாள்.

"இது ஏது?"

"நீங்க மிச்சத்தை எண்ணிக்கிட்டு நின்னப்போ கேட்டேன். சும்மா குடுத்துட்டாரு."

"சும்மாவா!" விழுந்த அடியைவிட இதுதான் திரவியத்துக்கு வலித்தது. "அதை மாட்டாத! வெளிச்சம் உள்ள வந்து கண்ணு அவிஞ்சுரும்!"

"உள்ள வர்றதுக்கு இங்க வெளிச்சம் எங்க அத்தான் இருக்கு?"

அவன் கேட்கவில்லை. முறைத்துவிட்டு முன்னே சறுக்கினான். விறைத்த விரல்களால் கறுப்பைப் பிடுங்கி மஞ்சளை அழுத்தினாள் கோமதி. நிமிர்ந்தாள். அடேயப்பா! மேடுகளுக்கு நிழல் முளைத்திருந்தது. ஒரு தடம் இடப்பக்கம் வளைந்து இறங்கியது. திரவியம் போகும் திசையில் தரையே முடிந்திருந்தது!

"அத்தான், உக்காருங்க! அப்படியே விழுங்க!"

விழுவதில் அவனுக்கு நல்ல பழக்கம் ஆகியிருந்தது. உடனே விழுந்தான். அவன் கைக்கோல் மட்டும் விளிம்பைத் தாண்டிப் போய்ச் சத்தமில்லாமல் மறைந்தது.

பிறகு கோமதி முன்னால். அவள் கால் பட்ட இடத்திலேயே கால் பதித்துத் திரவியம் பின்னால். தடத்தின் முடிவில், தேவதாரு வேரில் கால் மாட்டிச் சுளுக்கிக் கிடந்தான் சங்கிலி. உதடு நீலம்.

"மூணு கண்ணாடி வாங்குன மனுசன், தேடி வர இம்புட்டு நேரமா மச்சான்?"

வேரிலிருந்து காலை விடுவித்து, தோளில் தாங்கி, விளக்கு ஏற்றும் வேளையில் விடுதிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

சூடான கஹ்வாத் தேநீருக்கு முன்னால் கணக்குப் பார்த்தான் திரவியம். வரவு: மச்சான் ஒருவன், சுளுக்கு நீங்கலாக முழுசாக. செலவு: கைக்கோல் ஒன்று, கறுப்பின் மேலிருந்த நம்பிக்கை. பாக்கி: கோமதியிடம் ஒரு மன்னிப்பு. மூன்று முறை கேட்க வேண்டும் என்கிறாள் அவள்.

ஒரே முறைக்கு அடித்துப் பேசிக்கொண்டிருக்கிறான்.