நாலு பேருக்கான பாதை

பேருந்து சுகிர்தாவை ஆனைக்குட்டம் விலக்கில் இறக்கிவிட்டுப் போனபோது மணி மூன்று. தை மாதத்து உறைக்காத வெயில். தோளில் புதிதாக வாங்கிய முதுகுப்பை, கையில் நீளமான ஒரு காகிதச் சுருள். மண்பாதையில் கால் மணி நேரம் நடந்தால் அணைக்கரையை ஒட்டி அவள் தோழி ஜாஸ்பின் வாடகைக்கு இருக்கும் பழைய ஓட்டுவீடு வந்துவிடும். பாதையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. காற்றில்லை. ஆனாலும் அவள் நடக்க நடக்க, முள்வேலிக்கு உள்பக்கம் காய்ந்த நெற்றுகள் நொறுங்கிக்கொண்டே கூட வந்தன.

ஆடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் நின்றபோது அதுவும் நின்றது.

வீட்டு வாசலில் எவாஞ்சலின் கதவை அகலத் திறந்து நின்றாள். "வாங்க மேடம், வாங்க. நீங்க வராம மலை ஒரு இஞ்ச் நகர மாட்டேங்குது."

உள்ளே சிமெண்டுத் தரையில் சாமான்கள் பரப்பிக் கிடந்தன. ஜாஸ்பின் மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவளுடைய அண்ணன் டென்னிஸ், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், கூடாரத்தின் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தான். எவாஞ்சலின் அவன் மனைவி. மேற்கு மலையில் நாலு நாள், மூன்று இரவு, சுமையை முதுகில் போட்டுக்கொண்டு ஒரு சுற்று நடப்பது என்று தீபாவளி முடிந்த வாரமே நாலு பேரும் முடிவு செய்திருந்தார்கள். கிளம்ப இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

சுகிர்தா சுருளைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் செம்பு, தம்ளர் என்று பாரம் வைத்தாள். இப்போது வேலை செய்யும் அச்சகத்தில், காலண்டருக்கு வந்து மிஞ்சிய தாளில் போட்ட வரைபடம். மலையின் மடிப்புகள் பழுப்பில், ஓடைகள் நீலத்தில், நடக்கும் பாதை சிவப்பில். அடிவாரச் சோதனைச்சாவடியில் புறப்படும் சிவப்புக் கோடு ஏறி, முகட்டைப் பிடித்துப் போய், தெற்கே வளைந்து, வேறு வழியாகச் சோதனைச்சாவடிக்கே வந்து சேர்ந்தது.

போன வழியில் திரும்பக் கூடாது. அது மட்டும்தான் சுகிர்தா கேட்டுக்கொண்டது.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. ஏழு மாதமாக அவளால் ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. சோறு தின்னும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. எங்கே ஓடை குறுக்கிடும், எங்கே தண்ணீர் பிடிக்கலாம், எத்தனை மணிக்குள் கூடாரம் போட வேண்டும் என்று திட்டம் போடுகிற நேரத்தில்தான் உடம்புக்குள் ஓடுகிற ஒன்று கொஞ்சம் நின்றது. திட்டம் முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு இப்போதே பயமாக இருந்தது.

"சரி, தீனிய ஆளுக்காள் பிரிச்சிருவோம்," என்றாள் எவாஞ்சலின். "கடலமிட்டாய், பேரீச்சம்பழம், அவல். சுகிர்தாக்கா, நீங்க பொட்டலம் போடுங்க. உங்க கைதான் அளவுக் கை."

சுகிர்தா உட்கார்ந்து பிரித்தாள். பழகிய கை. பார்க்காமலேயே பங்கு போடும்.

"அக்கா," என்றாள் ஜாஸ்பின். "அஞ்சு போட்டிருக்கீக."

சுகிர்தா குனிந்து பார்த்தாள். ஐந்து குவியல், ஒரே அளவில்.

"கரடிக்கு ஒரு பங்கு," என்றான் டென்னிஸ். "வழியில பாத்தா வெறுங்கையோட நிக்கக் கூடாதுல்லா."

எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தாவும் சிரித்தாள். ஐந்தாவதைக் கலைத்து மற்ற நாலிலும் சேர்த்தாள்.

ஜாஸ்பின் அடுக்களையிலிருந்து தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்து சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள். "நாலுதான பிடிச்சேன்?"

ஐந்து பாட்டில்கள் நின்றன. ஐந்தாவது, அடுக்களையில் கிடந்த பழைய பாட்டில். அதன் கழுத்தில், விரல் பட்ட இடங்களில், வெள்ளி நிறத்தில் ஏதோ மினுங்கியது.

சுகிர்தாவுக்கு அது என்ன என்று தெரியும். சிவகாசியில் யாருக்கும் தெரியும். பூச்சட்டிப் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறவர்களின் கையிலிருந்து எத்தனை சோப்பு போட்டாலும் போகாத அலுமினியப் பொடி.

அவள் பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டு ஏழு மாதம் ஆகிறது.

"வெயில் தாழ்ந்துட்டு. சுமையோட ஒரு நடை நடந்து பாப்போம்," என்று டென்னிஸ் எழுந்தான். "கரைமேல போய்ட்டு, கீழ்ப்பாதையில சுத்தி வருவோம். மலையில எப்படிப் போவமோ அப்படி. நான் முன்னால, சுகிர்தா கடைசி. ஒவ்வொரு வளைவுலயும் ஆள் எண்ணணும். நான் ஒண்ணுன்னா, அடுத்த ஆள் ரெண்டு. கடைசி வரைக்கும் வரணும்."

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகன்னு நெனப்பு," என்று எவாஞ்சலின் முனகினாள். "சரிங்க சார்."

கரைமேல் வெளிச்சம் இருந்தது. தண்ணீர் ஈயத்தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. பன்னிரண்டு கிலோ சுமை தோளை அழுத்தியது சுகிர்தாவுக்குப் பிடித்திருந்தது. கனமான ஒன்றைச் சுமக்கிறோம் என்று வெளியில் தெரிவது ஒரு நிம்மதி. பிறகு பாதை கீழே இறங்கிக் கருவேலங்காட்டுக்குள் நுழைந்தது. அங்கே நிழல் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

முதல் வளைவு.

"ஒண்ணு," என்றான் டென்னிஸ்.

"ரெண்டு." எவாஞ்சலின்.

"மூணு." ஜாஸ்பின்.

"நாலு," என்றாள் சுகிர்தா.

அவள் வாய் மூடியதும், முதுகுக்குப் பின்னால் யாரோ பாதையை விட்டு விலகும் சத்தம் கேட்டது. வெறுங்கால். முள் கிளையை ஒதுக்கி, உள்ளே போய், உட்காரும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். பாதை வெறுமையாகக் கிடந்தது. ஓரத்தில் ஒரு கிளை மட்டும் ஆடி நின்றது.

நடந்தார்கள். சிறிது தூரம் போனதும் அந்தக் கால்கள் பாதைக்குத் திரும்பி வந்தன. கந்தகவாடை வந்தது, லேசாக.

இரண்டாவது வளைவு. ஒண்ணு, ரெண்டு, மூணு.

"நாலு."

மறுபடியும் முள் ஒதுங்கியது. மறுபடியும் உட்காரும் சத்தம்.

ஜாஸ்பின் நின்றுவிட்டாள். "அக்கா, பின்னால யாரு அது, வேலிக்குள்ள போறது?" குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"யாருமில்ல. நட."

அந்த நடை சுகிர்தாவுக்குத் தெரியும். அந்த நடையைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

அவள் சூப்பர்வைசராக இருந்த பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு மருந்து அறைக்கும் வாசலில் சிவப்பு எழுத்தில் பலகை இருந்தது: நான்கு பேர் மட்டும். சீசன் நெருங்கி ஆர்டர் தேங்கினால் ஐந்தாவதாக ஒரு ஆளை உட்காரவைப்பாள். பதினேழாம் நம்பர் அறையில் அது மாரித்தாய். வருகைப் பதிவில் பெயர் ஏறாத ஆள். பரிசோதனைக்கு அதிகாரிகள் வந்தால், சுகிர்தா முன்வாசலில் நின்று சத்தமாக, "நாலு பேருதான் சார்" என்பாள். அந்தச் சொல்தான் அடையாளம். அது காதில் விழுந்ததும் மாரித்தாய் பின்வாசல் வழியாக இறங்கி, கருவேலம்புதருக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கூப்பிடும்வரை வரக் கூடாது. மூச்சுக் காட்டக் கூடாது.

"இருமல் வந்தா என்னக்கா செய்ய?" என்று ஒருநாள் மாரித்தாய் கேட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொள்ளச் சொன்னாள் சுகிர்தா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சுகிர்தாவை ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் படியேறும்போது பதினேழு வெடித்தது. ஓடிவந்தவளைத் தீயணைப்புக்காரர் பிடித்து உலுக்கிக் கேட்டார்: "உள்ள எத்தனை பேரும்மா?"

யோசிக்கவில்லை. இத்தனை வருடம் வெளியாள் கேட்கும்போதெல்லாம் வந்த பதில்தான் வந்தது. சத்தமாகவே வந்தது.

"நாலு பேருதான் சார்."

நாலு உடல்கள் கிடைத்தன. தேடுவதை நிறுத்தினார்கள். இல்லை, இன்னொரு ஆள் இருந்தாள் என்று சொல்ல அந்தப் பகல் முழுக்க, அந்த இரவு முழுக்க அவளுக்கு நேரம் இருந்தது. முதலாளியின் ஆள் பக்கத்திலேயே நின்றான். அதைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். அவள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஆடு மேய்க்க வந்தவர்தான் மாரித்தாயைப் பார்த்தார். புதருக்குள், உடம்பு வெந்து, குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள்.

எத்தனை மணி நேரம் உயிரோடு உட்கார்ந்திருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. விறகு பொறுக்க வந்த யாரோ பொம்பளை என்று கம்பெனி எழுதிக்கொடுத்தது. மாரித்தாயின் மகள் ஐஸ்வர்யா மூன்று முறை வந்து கேட்டாள். "அத்தை, எங்கம்மா உள்ள வேல பாத்துச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க." சுகிர்தா மூன்று முறையும், "தெரியலம்மா" என்றாள். பிறகு வேலையை விட்டாள்.

மூன்றாவது வளைவு.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

சுகிர்தா வாயைத் திறக்கவில்லை.

பின்னால் கால்களும் நின்றன. விலகவில்லை. காத்திருந்தன. பிடரியில் மூச்சுப் பட்டது. சூடான மூச்சு.

"சுகிர்தா?" டென்னிஸ் முன்னாலிருந்து கூப்பிட்டான். "எண்ணுங்க."

நாலு என்று சொன்னால் அவள் போய்விடுவாள். முள்ளுக்குள் போய், வாயைப் பொத்திக்கொண்டு, கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்பாள். மலையிலும் அப்படித்தான். எந்த வளைவிலும், எந்த முகட்டிலும். எத்தனை சுற்றுப் பாதை போட்டாலும் அது பதினேழாம் நம்பர் அறையின் பின்வாசலுக்கே வந்து சேரும்.

"சுகிர்தா, என்னாச்சு?"

"அஞ்சு," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"நாலு நான். அஞ்சு மாரித்தாய்." பிறகு, ஏழு மாதத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை, புதரைப் பார்த்துச் சொன்னாள். "வா, மாரி. வெளிய வா. அவுக போயிட்டாக."

காடு முழுக்க ஒரு கணம் காய்ந்த நெற்றுகள் கலகலத்து அடங்கின. அவ்வளவுதான்.

அங்கேயே, சுமையை இறக்காமலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எவாஞ்சலின் ஒரு கட்டத்தில் அவளைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நகர்ந்து உட்கார்ந்தாள். அது நியாயம்தான் என்று சுகிர்தாவுக்குத் தோன்றியது. பிறகு போனை எடுத்தாள்.

"ஐஸ்வர்யா, நான் சுகிர்தா அத்தை. உங்கம்மா உள்ளதான் இருந்துச்சு. நான்தான் உக்கார வச்சேன். நாலுன்னு பொய் சொன்னதும் நான்தான்."

"எழுதித் தருவீகளா?" என்றாள் ஐஸ்வர்யா. அழவில்லை. "வாயால வேண்டாம். எழுதி, சாட்சிக் கையெழுத்தோட தாங்க."

வீட்டுக்குத் திரும்பினபோது விளக்கு போடும் நேரம். எழுத வேறு தாள் அகப்படவில்லை. சுகிர்தா மலை வரைபடத்தைக் குப்புறத் திருப்பிப் போட்டாள். அதன் முதுகு வெள்ளையாக இருந்தது. பதினேழாம் நம்பர் அறை, ஐந்து பேர், ஐந்து பெயர்கள், அவள் சொல்லிக்கொடுத்த பின்வாசல், அவள் சொன்ன பொய். கால் ஆடவில்லை. முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அடியில் 'சாட்சிகள்' என்று எழுதி, ஒன்று, இரண்டு என்று இடம் விட்டாள்.

"மலைக்கு?" என்றான் டென்னிஸ் மெதுவாக.

"நீங்க மூணு பேரும் போங்க. திங்கக்கிழமை நான் ஸ்டேஷனுக்குப் போகணும்."

ஜாஸ்பின் பேனாவை வாங்கி முதல் சாட்சியாகப் பெயரெழுதினாள். தரையில் குனிந்திருந்தவள் அப்படியே பேனாவை அண்ணனிடம் நீட்டினாள். டென்னிஸ் வாங்கிக் குனிந்தான். குனிந்தவன் எழுதவில்லை.

"சுகிர்தா," என்றான். "இது யாரு வச்சது?"

இரண்டாவது இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. எழுதத் தெரியாதவர்கள் வைப்பதுபோல, நன்றாக அழுத்தி உருட்டி வைத்த கைநாட்டு. மை இல்லை. வெள்ளியாக மினுங்கியது.

சுகிர்தா குனிந்து தொட்டாள். இன்னும் சூடாக இருந்தது.