இரண்டாம் பெட்டி தூங்கவில்லை

வெள்ளிக்கிழமை காலை 6.40. இரத்த வங்கியின் குளிர்பெட்டிக்குள் கைவிட்ட நர்ஸ் சட்டென்று கையை வெளியே இழுத்தாள். பெட்டியின் முகப்பில் பச்சை எழுத்தில் 4 டிகிரி என்று இருந்தது. உள்ளே பைகள் வெதுவெதுப்பாக இருந்தன.

நூற்று எண்பத்தாறு பைகள். இனி ஒன்றைக்கூட யாருக்கும் ஏற்ற முடியாது. ஒன்பது மணி அறுவைச் சிகிச்சைக்குத் தயாராக இருந்த நோயாளியைத் திரும்ப வார்டுக்கே தள்ளிக்கொண்டு போனார்கள்.

பக்கத்தில் இன்னொரு பெட்டி. பிரசவ வார்டுக்கு உரியது. இரண்டும் நேற்றுத்தான் ஒரே நிறுவனத்திலிருந்து வந்தவை. இந்த இரண்டாம் பெட்டியை இரவு முழுவதும் யாராவது வந்து திறந்து மூடியபடியே இருந்தார்கள். அதற்குள் பைகள் சில்லென்று இருந்தன.

இரண்டு பெட்டிகளையும் இயக்கும் கணினி நிரலை எழுதியவள் அந்த நர்ஸின் கூடப்பிறந்த அக்கா. நர்ஸ் அவளுக்குப் போன் செய்தாள்.

"என்ன எழுதித் தொலைச்ச நீ?"

பதிலைக் கேட்காமலேயே வைத்துவிட்டாள்.

10.30. பெட்டி செய்யும் நிறுவனத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பத்தைந்து வயது, கண்ணாடி, அதிகம் பேசாத பெண்மணி. மருத்துவமனை புகார் கொடுத்திருந்தது. யாரைக் கைது செய்வது என்பதை மாலை நாலு மணிக்குள் முடிவு செய்ய வேண்டும்.

"சார் மீட்டிங்ல இருக்காங்க. கொஞ்சம் உட்காருங்க மேடம்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

முன்னறையில் இரண்டு நாற்காலிகள், ஒரு மேஜை. மேஜையில், பின் அடித்த ஐந்து தாள்கள். மேலே காபிக் கோப்பை வைத்த வட்டக் கறை.

"அதையா படிக்கிறீங்க? புது கம்பைலர் கூட வந்த நோட்டீஸ் மேடம். எங்க ஆளுங்களே படிக்க மாட்டாங்க."

இன்ஸ்பெக்டர் படித்தார். நாலரைப் பக்கம் புதிய வசதிகள். புதிய சிப்பையும் இனி ஆதரிக்கும். அந்தச் சிப் தூங்கி எழுந்ததும் கணநேரம் நிற்காவிட்டால் தூங்கும் முன் கண்ட அளவையே காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குறைக்கு வேண்டிய இடைவெளியைக் கம்பைலரே சேர்த்துவிடும். உருவாகும் கோப்பில் இனி நேரம் பதியாது. பிழைச் செய்திகள் வண்ணத்தில் வரும். கடைசி அரைப் பக்கத்துக்குத் தலைப்பு, 'வரம்புகள்'. அதில் இரண்டாம் வரி: புதிய சிப்புக்குக் கோப்பைச் சுருக்கும் வசதி இந்தப் பதிப்பில் இல்லை.

11.10-க்கு உள்ளே அழைத்தார்கள். தலைமைப் பொறியாளர் இஸ்திரி கலையாத சட்டையில் இருந்தார்.

"கம்பைலர்னா என்ன சார்?"

"மனுஷன் எழுதுறத சிப்புக்குப் புரியுற மாதிரி மாத்திக் குடுக்குற சாஃப்ட்வேர் மேடம். இந்தப் பெட்டியில புது சிப். பழைய கம்பைலருக்கு அதைத் தெரியாது. புதுசு வாங்கினோம். பூட்டுன ரூம்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல அது மட்டும்தான் இருக்கு."

"பழசு?"

"இங்க எல்லார் மேஜையிலயும் இருக்கு."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல மேடம். கெட்டுப்போன பெட்டியில இருந்த கோப்பை எடுத்துப் பார்த்தோம். உள்ளயே நேரம் பதிஞ்சிருக்கு. செவ்வாய்க்கிழமை மதியம் 3.20. அப்ப ரூமுக்குள்ள யார் இருந்தாங்கன்னு கதவே சொல்லும்."

அட்டை காட்டித் திறக்கும் கதவின் பதிவை நீட்டினார். செவ்வாய்: நிரல் எழுதியவள் உள்ளே 2.10, வெளியே 4.30. தலைமைப் பொறியாளர் உள்ளே 5.30, வெளியே 5.42. அன்றைக்கு வேறு யாரும் இல்லை.

"நீங்களும் போயிருக்கீங்களே?"

"செஞ்சு வச்ச கோப்பை எடுத்துட்டு வர."

11.35. நிரல் எழுதியவள் வந்தாள். ஒல்லி உருவம். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே பென்சில்தான். அழுது முடித்த முகம். கையில் ஒரு குறிப்பேடு. இன்ஸ்பெக்டர் அதை வாங்கிப் புரட்டினார்.

"செவ்வாய் 2.40. பக்கத்துல 71-னு எழுதியிருக்கு. என்ன அது?"

"கோப்போட அளவு மேடம், கிலோபைட்ல. பெட்டியோட மெமரி அறுபத்து நாலுதான். கொள்ளாது. உடனே தேதி சாருக்கு போன் பண்ணிச் சொன்னேன்." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு தேதி?"

"தலைமைப் பொறியாளர். எங்க போனாலும் ஒரு தேதி குடுத்துட்டு வந்துடுவார். வியாழக்கிழமை பெட்டி வரும்னு ஆஸ்பத்திரிக்கு வாக்கு குடுத்திருந்தார். எனக்கு இன்னும் ஒரு வாரம் வேணும்னேன். பார்ப்போம்னார்."

"4.30 வரைக்கும் உள்ள என்ன செஞ்சீங்க?"

"ஏதாவது குறைக்க முடியுமான்னு பார்த்தேன். தலைகீழா நின்னும் முடியல. மறுநாள் அவரே வந்து, பெரிய மெமரி மாட்டியாச்சு, உன் கோப்பையே ஏத்தியாச்சுன்னார். நம்பிட்டேன்." குரல் இறங்கியது. "அந்த வங்கியில இருக்கறது என் தங்கச்சி மேடம். நான்தான் அவகிட்ட தைரியமா வைன்னு சொன்னேன்."

12.05. பெட்டியை அனுப்பும் முன் சோதனை செய்தவர். எதையும் சலித்துப் பார்ப்பதால் 'சல்லடை'.

"ரெண்டு மணி நேரம் பார்த்தேன் மேடம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறப்பேன், மூடுவேன். குளிர் திரும்புதான்னு பார்ப்பேன். ஒரு குறையும் இல்ல."

"யாரும் தொடாம விட்டா?"

"கால் மணி நேரத்துல சிப் தூங்கிடும். கரண்ட் மிச்சம். நடுநடுவுல முழிச்சு டிகிரி பார்த்துட்டு மறுபடி தூங்கும்."

"நீங்க அதைத் தூங்க விட்டீங்களா?"

"வேலை நேரத்துல யாரையும் தூங்க விடக் கூடாதுன்னு இருந்துட்டேன் மேடம்."

திருப்பிக் கொண்டுவந்திருந்த பெட்டியை அவரைக் கொண்டே பிரிக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். உள்ளே இருந்த மெமரி 64. அதிலிருந்த கோப்பு 58.

12.30. மூவரும் ஒரே அறையில். பொறியாளர்தான் முதலில் பேசினார்.

"பார்த்தீங்களா? எழுபத்தொண்ணை அம்பத்தெட்டா இவதான் சுருக்கியிருக்கா. சுருக்கும்போது எதையோ கெடுத்துட்டா."

"முடியாது சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தச் சிப்புக்குச் சுருக்குற வசதி புது கம்பைலர்ல கிடையாது. கடைசிப் பக்கம், வரம்புகள்ல ரெண்டாவது வரி."

"அது... கையால கொஞ்சம்..."

"சரி, அதை விடுங்க. கோப்புல 3.20-னு நேரம் இருக்குன்னு சொன்னீங்க. புது கம்பைலர் நேரத்தையே பதியாது. அதுவும் அதே தாள்ல இருக்கு. நேரம் பதிஞ்ச கோப்பு பழைய கம்பைலர் செஞ்சது. பழசு மேஜைகள்லதான் இருக்கு, அந்த ரூம்ல இல்ல. 3.20-க்கு இவங்க எங்க இருந்தாங்க?"

பென்சில் மெல்ல நிமிர்ந்தாள்.

"ரூம்லதான் இருந்தாங்க. நீங்க காட்டுன கதவுப் பதிவே சொல்லுது. இவங்கள மாட்டிவிட நீங்க நீட்டுன சாட்சிதான் இவங்கள விடுவிக்குது. இவங்க போனதுக்கு அப்புறம் அந்த ரூமுக்குள்ள போன ஒரே ஆள் நீங்க."

பொறியாளர் தண்ணீர்க் கோப்பையை எடுத்தார். குடிக்கவில்லை.

"2.40-க்கு போன் வந்துச்சு. கோப்பு கொள்ளாதுன்னு தெரிஞ்சுது. தேதி தள்ளிப்போகும்னும் தெரிஞ்சுது. உங்க மேஜையில பழைய கம்பைலர். அதுக்குப் புது சிப்பைத் தெரியாது. அதனால இது பழைய சிப்தான்னு அதுகிட்டப் பொய் சொன்னீங்க. அதுவும் நம்பிச் சுருக்கிக் குடுத்துச்சு. 5.30-க்குப் போய் இவங்க கோப்பை எடுத்துட்டு உங்களுதை வச்சீங்க."

"ரெண்டும் ஒரே குடும்பத்துச் சிப் மேடம்" என்றார் அவர், மிகச் சன்னமாக. "அண்ணன் தம்பி மாதிரி. ஓடத்தானே செஞ்சது?"

"ஓடுச்சு. தம்பிக்குத் தூங்கி எழுந்தா ஒரு குறை இருக்கு, அண்ணனுக்கு இல்ல. புது கம்பைலர் அதைச் சரி பண்ணும், பழசுக்குத் தெரியாது. நேத்து ராத்திரி அந்தப் பெட்டியை யாரும் திறக்கல. சிப் தூங்குச்சு. தூங்கும்போது பார்த்த நாலு டிகிரியையே விடியற வரைக்கும் நம்பிட்டு இருந்துச்சு. குளிரூட்டுற மோட்டாரைப் போடவே இல்ல."

"இந்த நோட்டீஸை எல்லாம் யார் மேடம் படிக்கிறாங்க?"

"நீங்க என்னை நாற்பது நிமிஷம் காக்க வச்சீங்க. மேஜையில வேற எதுவும் இல்ல."

கைது ஆணையில் பெயருக்கு விட்டிருந்த இடத்தை இன்ஸ்பெக்டர் நிரப்பத் தொடங்கினார். பென்சில் அதைப் பார்க்கவில்லை. போனை எடுத்திருந்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது மணியில் தங்கை எடுத்தாள்.

"ரெண்டாவது பெட்டியில கண்ணாடித் தெர்மாமீட்டர் வச்சுப் பாரு. அதுலயும் அதே கோப்புதான், முகப்பை நம்பாத. உள்ள எவ்வளவு?"

காலடி ஓசை. கதவு திறக்கும் சத்தம். பிறகு மூடும் சத்தம்.

"நாலு" என்றாள் தங்கை. "அக்கா, இங்க அறுபது பை இருக்கு. மாத்தி வைக்க வேற இடம் இல்ல. எனக்கு முன்னாடி கடைசியா யாரோ பன்னெண்டரைக்குத் திறந்தது. என்ன பண்ண?"

சுவர்க் கடிகாரத்தில் 12.44. பென்சில் பூட்டிய அறையின் கதவில் அட்டையை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து மூடு. அதைத் தூங்க விடாத. பெரிய மெமரியில என் கோப்பை ஏத்தி எடுத்துட்டு வரேன்."